ஒட்டகத்தின் பிடரியில் பற்குழிகள்: ஆர்க்கியோதீரியம் கொன்றதா, கிடந்ததைத் தின்றதா?

செங்குன்றன்:
நேற்று மாறன் இங்கே எழுதிய ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கிழங்கு கிண்டித் தின்ற, பன்றியைப் போன்ற தொல் விலங்கான ஆர்க்கியோதீரியம், காடு சுருங்கிய பின் வேட்டை விலங்காக மாறியது என்றும், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த ஒட்டகங்களே அதற்குச் சாட்சி என்றும் அவர் முடிவே கட்டிவிட்டார். டக்ளஸ் நகருக்கு அருகே கிடைத்த, ஆட்டளவே இருந்த போயிப்ரோதீரியம் என்னும் தொல் ஒட்டகத்தின் எலும்புகளில் பற்குழிகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செத்துக் கிடந்ததைக் கடித்தாலும் அதே குழிதான் விழும்.

மாறன்77:
குழி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், ஐயா. பிடரியிலும் மண்டையின் பின்புறத்திலும் விழுந்திருக்கிறது. பிணம் தின்ன வந்த விலங்கு, தொடையில் அவ்வளவு சதை இருக்க, பிடரியை ஏன் கவ்வ வேண்டும்? பின்னுடலைத் தின்றுவிட்டு மிச்சத்தை ஒரே இடத்தில் குவித்தும் வைத்திருக்கிறது.

செங்குன்றன்:
நான் கேட்டது உணவு மாறியதா என்பதை. நீங்கள் மறுபடியும் பிடரிக்கே போகிறீர்கள். 1850இல் தொல்லுயிர் ஆய்வாளர் லெய்டி பெயரிட்ட ஆர்க்கியோதீரியத்தின் கடைவாய்ப் பற்களையும், அதற்குப் பல பத்து லட்சம் ஆண்டுகள் பின்னால் நெப்ராஸ்காவில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 செ.மீ. நீள மண்டையோடு கொண்ட, அதே குடும்பத்து டேயோடானின் கடைவாய்ப் பற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பன்றிப் பல்லைப் போன்ற குட்டையான, மழுங்கிய மேடுகளே இருக்கின்றன. இறைச்சியை வெட்டும் பூனை இனத்தின் கத்தரிப்பற்கள் எதிலும் இல்லை. முன்கடைவாய்ப் பற்கள் கூராகவும் தடித்தும் இருப்பது எலும்பை நொறுக்க உதவியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலும்பு நொறுக்குவது பிணம் தின்னும் விலங்கின் வேலையும்கூட. பல்லில் இல்லாத மாற்றத்தை ஒரே ஒரு குவியலில் இருந்து எடுத்துக்காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

நீலமலை:
பல் மாறாமலே உணவு மாறலாம் அல்லவா? காட்டுப்பன்றி ஒரே பற்களால் கிழங்கும் தின்கிறது, புழுவும் தின்கிறது, செத்த மானையும் தின்கிறது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்து, வட அமெரிக்கக் காடுகள் திறந்த வெளிகளாக மாறத் தொடங்கியபோது, பழம் குறைந்த இடத்தில் இறைச்சியின் பங்கு கூடியிருக்கக்கூடும்.

யாழ்வாசகன்:
முதலில் அதைப் பன்றியோடு ஒப்பிடுவதை எல்லோரும் நிறுத்துங்கள். 2009இல் வெளியான ஒரு வகைப்பாட்டு ஆய்வு, ஆர்க்கியோதீரியமும் டேயோடானும் அடங்கிய இந்தக் குடும்பத்தைப் பன்றிகளைவிட நீர்யானைக்கும் திமிங்கலத்துக்கும் அருகே வைத்தது. பன்றி என்ற பெயரே தவறாக இருக்கும்போது உணவைப் பற்றி என்ன பேசுவது?

மாறன்77:
உறவுமுறை வேறு, வாழ்முறை வேறு. மாமூத் பற்றிய பழைய உரையாடல் இழையிலும் நீங்கள் இதே போலக் குறுக்கே வந்துதான் பேச்சைத் திருப்பினீர்கள். நான் அதை மறக்கவில்லை.

செங்குன்றன்:
பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 1993இல் தொடங்கிய அகழ்வுக்குப் 'பெரிய பன்றித் தோண்டல்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் கிடைத்த எலும்பு ஆர்க்கியோதீரியத்துடையது என்று எண்ணினார்கள். பின்னர் அது கொம்பில்லாத காண்டாமிருகமான சப்ஹைராகோடான் என்று தெரிந்தது. சில நாள் வேலை என்று தொடங்கியது 2008 வரை நீண்டது. வற்றிவந்த நீர்நிலையின் சேற்றில் சிக்கிய விலங்குகளை ஆர்க்கியோதீரியம் தின்றது என்பதே அங்கே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சேற்றில் சிக்கியதைத் தின்பது வேட்டையா? மாறன் இந்த இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

மாறன்77:
எழுதத் தேவையில்லை. கழுதைப்புலியும் சிங்கமும் பிணம் தின்கின்றன. அதனால் அவை வேட்டையாடுவதில்லை என்று ஆகிவிடுமா? பிடரிக் குழிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

செங்குன்றன்:
சொல்கிறேன். குழியைச் சுற்றி எலும்பு ஆறிய தடம் இருந்திருந்தால், கடிபட்டபோது ஒட்டகம் உயிரோடு இருந்தது என்று நானே முதலில் ஒப்புக்கொண்டிருப்பேன்.

மாறன்77:
கொல்லப்பட்ட விலங்குக்குப் புண் எப்படி ஆறும்? நடக்க முடியாத சான்றைக் கேட்டுவிட்டு, அது இல்லை என்பதையே வாதமாக வைக்கிறீர்கள்.

நீலமலை:
இருவரும் பருவத்துக்குப் பருவம் உணவு மாறியிருக்கும் வாய்ப்பைப் பார்க்கவே இல்லை. உணவு பல்லில் விட்டுச்செல்லும் நுண்ணிய கீறல்களை, அதாவது நுண்தேய்மானத்தைப் பற்றிப் பேசினால் இது முன்னே நகரும்.

செங்குன்றன்:
அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நீலமலை. இங்கே பேச்சு அந்தக் குவியலைப் பற்றியது. சதை மிகுந்த பின்னுடலை முதலில் தின்பது கொன்ற விலங்கும் செய்யும், பிணத்தைக் கண்ட விலங்கும் செய்யும். பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனாலும் அதே இடத்தில்தான் குழி விழும்.

மாறன்77:
இழுத்துக்கொண்டு போய்க் குவித்தது என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள்.

செங்குன்றன்:
இழுத்தது என்றுதான் எழுதினேன். கொன்றது என்று எழுதவில்லை.