உண்டுகொல்லி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

கலைச்சொல் குழுவின் அன்புடையீர், வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்து தோட்டப்பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை அடக்க விடப்படும் சிறு குளவிகளை (ஆங்கிலத்தில் parasitoid) ‘ஒட்டுண்ணி’ என்றே எழுதி வருகிறோம். பேனுக்கும் மாமரத்துப் புல்லுருவிக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. ஆனால் அவை தாம் ஒட்டிய உயிரைப் பெரும்பாலும் கொல்வதில்லை. குளவியின் புழுவோ தன்னைத் தாங்கிய பூச்சியைத் தின்று கொன்றுதான் குளவியாகிறது. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி எனப் பரவியபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட மூன்று இனக் குளவிகளுள் ‘அசிரோபேகஸ் பப்பாயே’ அதனை அடக்கியதும் இவ்வழியில்தான்.

எங்கள் டெல்டாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளுக்கு இக்குளவிகளுக்கான தனிச்சொல் உடனடியாகத் தேவைப்படுகிறது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயின் குஞ்சுகளை ‘என்கார்சியா குவாடலூப்பே’ என்னும் குளவி தாக்கினால் அவை கறுத்துவிடும். அந்தக் கறுப்பையும் ஓலையில் படரும் கரும்பூசணத்தையும் ஒன்றாகக் கருதி மருந்தடிப்பவர், தமக்கு உதவ வந்த குளவியையே அழித்துவிடுகிறார். தோப்புக்காரர் கையில் சேரும் துண்டறிக்கையில் உள்ள பெயரே அக்குளவியின் வேலையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உள்ளிருந்து கொல்வது எனப் பொருள்படும் ‘உட்கொல்லி’ என்னும் சொல் பொருந்தாது. தென்னைக் கருந்தலைப்புழுவுக்கு விடப்படும் பிரக்கான் குளவி தன் முட்டைகளைப் புழுவின் உடல்மேல் இடுகிறது. குஞ்சுகள் வெளியிலிருந்தே உறிஞ்சிக் கொல்கின்றன. ‘ஓம்புயிர்க்கொல்லி’ (ஓம்புயிர்: தன்னைத் தாங்கும் உயிர்) பொருளில் சரியே எனினும் உழவர் நாவில் நிற்காது. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி போன்ற இரைவிழுங்கிகளுக்குக் ‘கொன்றுண்ணி’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு: அவை கொன்று உண்பவை. குளவிப்புழு ஒரே பூச்சியைச் சிறிது சிறிதாக உண்டு, உண்பதனாலேயே கொல்கிறது. ஆகவே ‘உண்டுகொல்லி’ என முன்மொழிகிறேன்.

‘கொல்லி’ என்ற ஈறு பூச்சிக்கொல்லியை நினைவூட்டி, இதையும் ஏதோ மருந்துப்புட்டி என்று எண்ண வைக்கக்கூடும் என்ற தடை நியாயமானது. களத்தில் ‘உண்டுகொல்லிக் குளவி’ என்று சேர்த்தே எழுதினால் அது நீங்கும். பூச்சிகளின் முட்டைகளைத் தாக்கும் டிரைக்கோகிரம்மா குளவியை ‘முட்டை உண்டுகொல்லி’ எனலாம். குளவியையே தாக்கும் இன்னொரு குளவிக்கு ‘மேலுண்டுகொல்லி’ என்பது எனக்கே நெருடுகிறது. அதற்குப் பொருத்தமான சொல்லைக் குழுவினர் தெரிவிக்க வேண்டுகிறேன்.