கீழ்க்காய்நெல்லியும் எங்கள் வீட்டுச் செங்கண்மாரியும்

ஐப்பசி மழை இரண்டு தரம் பெய்துவிட்டால், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவின் கிணற்றடியிலும் வாழைத்தோட்ட ஓரங்களிலும் கீழ்க்காய்நெல்லி தானாகவே முளைத்துவிடும். மெல்லிய கிளையின் அடிப்புறத்தில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதே இப்பெயருக்குக் காரணம்.

எனக்குப் பதினொரு வயதில் செங்கண்மாரி, அதாவது மஞ்சள் காமாலை, வந்தது. அம்மம்மா இச்செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் மையாக அரைத்து, பாக்களவு எடுத்து மோரில் கரைத்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் தருவார். "பல்லிலை படாமல் விழுங்கு மோனை" என்பார். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியச் சோற்றுடன் மூன்று கிழமை கழிந்தபோது கண்கள் வெளுத்தன. அந்தச் செடியே என்னைக் காப்பாற்றியது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் பெரியப்பாவின் கண்கள் மஞ்சளித்தபோதும் அதையே அரைத்துக் கொடுத்தோம். பத்து நாட்களாகியும் குறையவில்லை. உடம்பெல்லாம் சொறிவு, சிறுநீர் கடுந்தேநீர் நிறம். அயலிலிருந்த முதிய பரியாரியாரை அழைத்தோம். அவர் நாடி பார்த்தார், பின்னர் மலத்தின் நிறத்தைக் கேட்டார். வெளிறிக் களிமண் போல இருப்பதாகச் சொன்னதும், "இது அடைப்பு. மருந்து தரமாட்டன், உடனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். ஸ்கான் செய்தபோது பித்தக்கல் ஒன்று பித்தக் குழாயை அடைத்திருந்தது. கல்லை அகற்றிய பின்னரே பெரியப்பா தேறினார். மருந்து தர மறுத்த அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதன் பின்னரே இம்மூலிகையைப் பற்றித் தேடி வாசித்தேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தோருக்கு முப்பது நாட்கள் இதன் தூளைக் கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. ஆனால் பின்னர் நடந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. நீராலும் உணவாலும் தொற்றும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். சிறுவயதில் எனக்கு வந்ததும் அதுவாகவே இருந்திருக்கலாம்.

இப்போதும் கிணற்றடியில் அச்செடியை நான் களைவதில்லை. யாராவது கேட்டு வந்தால், இரத்தம் பரிசோதித்தீர்களா, மலம் என்ன நிறம் என்று விசாரித்த பின்னரே பிடுங்கிக் கொடுக்கிறேன்.