புதுப்பிப்பு: மாமாவின் காய்ச்சல் மலேரியா இல்லை, பேபீசியா

போன வாரம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கும் என் மாமாவுக்கு விடாத காய்ச்சல், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகிறது என்று எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. வந்திருப்பது பேபீசியோசிஸ். இதற்குக் காரணம் பேபீசியா, மான் உண்ணி கடித்துப் பரவும் ஒட்டுண்ணி, மலேரியா மாதிரியே சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைக்கும். (நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பது ஸ்க்ரப் டைபஸ், அது பாக்டீரியா, இது வேறு.)

பலருக்கு இது தெரியாமலே வந்து போய்விடுமாம். ஆனால் மாமாவுக்கு வயது 67, அதைவிட முக்கியம், பழைய விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், கெட்டுப்போன சிவப்பணுக்களை வடிகட்ட வேண்டிய உறுப்பே இல்லாததால் சேர்த்த அன்றே 18 சதவீத அணுக்களில் கிருமி இருந்தது, மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து வென்டிலேட்டர், அப்புறம் சிறுநீரகமும் தளர்ந்தது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே ரத்தமாற்றம் பற்றி யோசிப்பார்களாம். அவருடைய ரத்தத்தை எடுத்துக்கொண்டே தானரத்தம் ஏற்றினார்கள், கூடவே அசித்ரோமைசின், அட்டோவகோன் என்ற இரண்டு மருந்துகளும். மூன்றாம் நாள் 4 சதவீதம்! நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள், அத்தையைப் பார்த்து "சாப்பிட்டியா"ன்னு கேட்டாராம்.

மாத்திரை குறைந்தது 6 வாரம். முதலில் போன கிளினிக்கில் லைம் நோய் (அதே உண்ணி பரப்பும் பாக்டீரியா நோய்) என்று டாக்சிசைக்ளின் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை, அது இந்தக் கிருமியைத் தொடாது. அந்தப் பக்கம் இருப்பவர்கள், மண்ணீரல் இல்லாதவர்கள், கோடையில் காய்ச்சல் வந்தால் ரத்தப்பூச்சுப் பரிசோதனையை (blood smear, ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) நீங்களே கேளுங்கள்.