ஆங்கில வகுப்பில் பேச அஞ்சும் மாணவர்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கல்லூரி ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். தமிழ் வழியில் பயின்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் என் வகுப்பில் கணிசமாக இருக்கிறார்கள். இவர்களுள் சிலர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள்; ஆனால் எழுந்து இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் நா வறண்டு, தெரிந்த சொல்லும் வராமல் நிற்கிறார்கள். செமினார் அன்று விடுப்பு எடுப்பவர்களும் உண்டு. இலக்கணப் பயிற்சியைக் கூட்டியும் பயனில்லை. அச்சத்தைப் போக்குவதா, மொழியறிவை வளர்ப்பதா, எதை முதலில் செய்வது?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்):
மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சகாக்களும் 1986இல், அயல்மொழி வகுப்பில் எழும் இந்த அச்சத்தைத் தனிவகைப் பதற்றமாகவே இனங்கண்டு, அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட வினாநிரலை உருவாக்கினார்கள். உரையாடுவதில் அச்சம், தேர்வு அச்சம், பிறர் தம்மைக் குறைத்து மதிப்பிடுவார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றோடும் அதைத் தொடர்புபடுத்தினார்கள். எழுத்தில் தேறியவர் பேச்சில் முடங்குவதற்கு மூன்றாவதே முதன்மைக் காரணம் என்பேன். தாளில் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். வகுப்பில் பிழை எல்லோர் காதிலும் விழுந்துவிடுகிறது. இந்நிலையில் இலக்கணத்தைக் கூட்டினால், ஒவ்வொரு வினைச்சொல்லையும் மனத்துக்குள் சரிபார்த்த பிறகே வாய் திறக்க முயன்று, இன்னும் தடுமாறுவார்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு, பிறகு நால்வர் குழுவில், அதன்பின் வகுப்பின் முன் என்று பேசச் செய்யுங்கள். பேச்சை இடைமறித்துத் திருத்தாமல், பொதுவான பிழைகளைக் குறித்துவைத்து, யார் பெயரும் சொல்லாமல் இறுதியில் விளக்குங்கள். ஒருவர் தடுமாறும்போது எழும் சிரிப்பை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இதில் மட்டும் தாட்சண்யம் கூடாது.

பதில் 2 (பயிற்றுநர்):
பேராசிரியர் கூறியவற்றை ஏற்கிறேன். ஆனால் அச்சமே எப்போதும் காரணம் என்று கொள்ள இயலாது. மொழி கற்பதில் உள்ள இடர்ப்பாட்டின் விளைவாகவே அச்சம் தோன்றக்கூடும் என்று ஸ்பார்க்ஸ், கான்ஷோ ஆகிய ஆய்வாளர்கள் 1990களில் வாதிட்டார்கள். நம் தேர்வுகளில் மனப்பாடம் செய்தும் மதிப்பெண் பெற முடியும் என்பதால், முன்பின் பாராத தலைப்பில் பத்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். அதையும் எழுத இயலாதவருக்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது. எளிய வாக்கியங்களைக் கேட்டுச் சொல்லும் பயிற்சி அன்றாடம் தேவை. எழுத முடிந்தும் பேச முடியாதவருக்கே முந்தைய பதில் முழுமையாகப் பொருந்தும்.

பதில் 3 (மூன்றாமாண்டு மாணவர்):
அம்மா, நானும் தமிழ் வழியில் படித்தவன். வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்லும்போது, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, என் முறைக்கு வரும் பத்தியைக் கண்டுபிடித்து, அதை மட்டுமே உதடசைத்து வாசித்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் வாசித்தது ஒன்றும் காதில் ஏறாது. வாசித்து முடித்த பிறகும் படபடப்பு அடங்க வெகுநேரம் ஆகும். இரண்டாமாண்டில் ஓர் ஆசிரியர் மறுநாள் கேட்கப்போகும் கேள்வியை முதல் நாளே சொல்லிவிடுவார். அந்த வகுப்பில்தான் நானாகக் கை தூக்கினேன். பெயர் சொல்லித் திடீரென எழுப்புவதை முதல் பருவத்திலாவது தவிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.