ஸ்டேக்: உணவகத்தில் ஓடர் செய்வதா, வீட்டிலேயே சமைப்பதா?

கல்லடிவாசி:
ஸ்டேக் (தடித்த துண்டாகப் பொரித்தெடுக்கும் மாட்டிறைச்சி) சாப்பிட ஆசை வந்தால் எங்கள் வீட்டார் பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ போவது வழக்கம். பட்டியலில் உள்ள விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சேரும்போது பில்லைப் பார்க்கவே மனம் வருவதில்லை. சென்ற முறை 'மீடியம் ரெயார்' (உள்ளே சிவப்பு மாறாத பக்குவம்) என்று தெளிவாகச் சொல்லியும், நடுப்பகுதிவரை சாம்பல் நிறமாக வெந்த துண்டுதான் மேசைக்கு வந்தது. வீட்டில் கனமான இரும்புத் தாச்சியும் எரிவாயு அடுப்பும் இருக்கின்றன. காலையில் இறைச்சிக்கடையில் வாங்கும் நாட்டு மாட்டிறைச்சியில் ஹோட்டல் ஸ்டேக்கின் மென்மையைப் பெற முடியுமா? சிவப்பு நிறத்தைக் கண்டாலே அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிடுவார் என்பதையும் கருத்திற்கொண்டு பதில் சொல்லுங்கள்.

முன்னாள் ஹோட்டல் சமையற்காரர்:
நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி இறைச்சிக்கே போகிறது. பெரிய ஹோட்டல்கள் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரும் இறைச்சியைப் பயன்படுத்துவதுண்டு. அது கொழுத்த இன மாடுகளின் இறைச்சி. வெட்டிய பின் வாரக்கணக்கில் குளிரில் வைக்கப்படுவதால், இறைச்சியில் இயல்பாகவே உள்ள நொதிகள் தசை இழைகளைத் தளர்த்திவிடுகின்றன. நம் ஊரிலோ விடியற்காலையில் அறுத்த மாடு மதியத்திற்குள் விற்றுத் தீர்ந்துவிடும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போகும்; அந்த விறைப்புத் தளர ஓரிரு நாட்களாவது வேண்டும். ஆகவே அன்றைக்கே வாங்கி அன்றைக்கே தாச்சியில் போட்டால், கறிக்கு அருமையான இறைச்சியும் ஸ்டேக்காகும்போது தோல்போல இழுபடும்.

ஆனாலும் வீட்டில் செய்வதையே நான் ஆதரிப்பேன், ஏனென்றால் வெப்பம் உங்கள் கையில் இருக்கிறது. இறைச்சியின் நடுவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மீடியம் ரெயாருக்கு 54 முதல் 57 பாகை செல்சியஸ், நன்றாக வெந்ததற்கு 71. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உட்சூடு இரண்டு மூன்று பாகை ஏறும் என்பதால் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கூட்டம் நிறைந்த இரவில் பல தட்டுகளை ஒரே நேரத்தில் பார்க்கும் சமையற்காரருக்கு, உங்கள் ஒரு துண்டின் அருகில் நிற்க அவகாசம் இருப்பதில்லை.

காத்தான்குடி வீட்டுச் சமையல்:
நாட்டு மாட்டில் ஸ்டேக்குக்கு நம்பி வாங்கக்கூடியது 'அண்டர்கட்' ஒன்றுதான். முதுகெலும்பின் உட்புறத்தில் அதிகம் வேலை செய்யாத தசை என்பதால் மெலிந்த மாட்டிலும் அது மென்மையாகவே இருக்கும். ஒரு மாட்டுக்கு இரண்டு மட்டுமே, அவையும் சிறியவை; முதல்நாள் மாலையே இறைச்சிக்கடை நானாவிடம் சொல்லி வைக்காவிட்டால் கொத்திக் கறித்துண்டுகளோடு கலந்துவிடுவார். போயா (பௌர்ணமி) தினத்தில் கடை மூடியிருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். வாங்கியதும் நன்றாகத் துடைத்து, கம்பித் தட்டின் மேல் மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் மூன்று நாள் வையுங்கள். மின்தடை நீளும் காலத்தில் இந்த வேலை வேண்டாம். சமைப்பதற்கு முதல்நாள் இரவே உப்பைத் தடவினால் அது உள்ளே இறங்குவதோடு மேற்பரப்பும் காயும். ஈரமுள்ள இறைச்சி பொரியாது, அவியும்.

அறுகம்பைப் பயணி:
மேலே சொன்னவை அண்டர்கட்டுக்குப் பொருந்தும், கொழுப்பு ஊடுபாவிய விலாப்பகுதி ஸ்டேக்குக்குப் பொருந்தாது. அந்தக் கொழுப்பு நம் மேய்ச்சல் மாடுகளில் கிடையாது. எவ்வளவு பக்குவமாகப் பொரித்தாலும் அது வந்துவிடாது. அதை விரும்புகிறவர் பணத்தைக் கொடுத்து வெளியில் சாப்பிடுவதே நியாயம். வேகாத துண்டைத் திருப்பி அனுப்பினால் மீண்டும் அடுப்பில் வைத்துத் தருவார்கள். அதிகம் வெந்திருந்தால் புதிதாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இங்கே கூச்சத்தினால் பலர் கேட்பதில்லை.

கல்லடிவாசி:
நன்றி. இறைச்சியை முள்ளுக்கரண்டியால் குத்திப் பப்பாசிக்காய்ச் சாறு பூசினால் மூன்று நாள் காத்திருப்பதைத் தவிர்க்கலாமா?

முன்னாள் ஹோட்டல் சமையற்காரர்:
குத்த வேண்டாம். முழுத்துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். மேற்புறம் நன்றாகப் பொரிந்தால் அவை அழிந்துவிடும் என்பதால்தான் உள்ளே சிவப்பாக விடுகிறோம். குத்தினால் அவற்றை நாமே உள்ளே தள்ளியவர்களாவோம். பப்பாசியின் நொதி மேற்பரப்பை மாவாக்கிவிடும், நடுப்பகுதிக்குப் போகாது. அம்மாவின் பங்கை ஒரு சென்றிமீற்றர் தடிப்பில் மெல்லியதாக வெட்டுங்கள். நடுவரை வேக அதிக நேரம் எடுக்காது என்பதால் காய்ந்து போகாது. உங்களுடையதை மூன்று சென்றிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 175 பாகையிலேயே புகையத் தொடங்கும். ஸ்டேக்குக்கு வேண்டிய சூட்டை அது தாங்காது. சுத்திகரித்த எண்ணெயைப் பயன்படுத்தி, பட்டரைக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். குசினி யன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.