ராஃப்டரியைப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

அக்கா (கால்வே, அயர்லாந்து): [படம்] இன்று இங்கே செயின்ட் பிரிஜிட் திருநாள் லீவு. கிரேக்வெல் பக்கம் கில்லீனீன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம்.

அம்மா: லீவு நாளில் கல்லறைக்கா! பிள்ளையையும் கூட்டிக்கொண்டா?

அக்கா: அவன்தான் கேட்டான் அம்மா. பள்ளியில் ராஃப்டரி பாட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வசந்தம் வருகிறது, பகல் நீளும், பிரிஜிட் திருநாள் முடிந்ததும் கப்பல் பாயை ஏற்றிக் கிளம்புவேன் என்று தொடங்கும்.

சித்தப்பா: யாரம்மா அது? ஐரிஷ் கவிஞர்களில் எனக்கு யேட்ஸ் வரைதான் தெரியும்.

அக்கா: ஐரிஷ் மொழியில் பாடிய கவிஞர், யேட்ஸுக்கு ரொம்ப முந்தியவர் சித்தப்பா. 1779இல் மேயோவில் கில்டிமாக் பக்கம் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மையில் பார்வை போய்விட்டது. பிடில் வாசித்துக்கொண்டு இந்தப் பக்கத்து ஊர்களில் பாடித் திரிந்தே பிழைத்தார். 1835இல் இறந்தார். தன் கையால் ஒரு வரி எழுதியதில்லை.

நான்: அப்புறம் பாட்டெல்லாம் எப்படிக் கிடைத்தது?

அக்கா: ஊர்க்காரர்கள் வாயில் இருந்தது. டக்ளஸ் ஹைட் கேட்டுக் கேட்டு எழுதி 1903இல் புத்தகமாகப் போட்டார். கல்லறைக் கல்லும் 1900இல்தான், எழுத்தாளர் லேடி கிரிகோரி முயற்சியில் வைத்தது.

சித்தப்பா: ஹைட் என்றால் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியா?

அக்கா: அவரேதான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு பாட்டு. 1828 செப்டம்பரில் அன்னாடவுன்காரர்கள் கால்வே சந்தைக்குப் படகில் போனார்கள். ஆடுகளும் கூடவே. ஓர் ஆடு காலை உதைத்ததில் பலகை ஓட்டையாகிவிட்டது. ஒருவர் கோட்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்து மிதித்தார், பலகையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று இங்கே சொல்வார்கள்.

அம்மா: ஐயோ

அக்கா: மூழ்கிப் போனவர்கள் பதினோரு ஆண், எட்டுப் பெண் என்று பாட்டிலேயே கணக்கு வருகிறது. காற்றும் இல்லை, மழையும் இல்லை, இப்படியொரு நல்ல நாளில் போனார்களே என்று புலம்புகிறார். மாரி நிக் ருவான் என்று ஒரு பெண். காலையிலேயே எழுந்து நல்ல கோட்டு, லேஸ் தொப்பி, வெள்ளை ரிப்பன் எல்லாம் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியவள்.

அம்மா: அவளைப் பெற்றவள்?

அக்கா: அவளும் பாட்டில் வருகிறாள் அம்மா. மகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள்.

சித்தப்பா: ஒப்பாரியேதான்.

அக்கா: ஆமாம். அவர்கள் மூழ்கிய இடம் எரிந்து போகட்டும் என்று சாபமும் விடுகிறார்! நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இதை முழுக்கப் பாடுவார். நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து தொடங்கிவிடுவார், டீ ஆறிப்போகும்.

நான்: கண் தெரியாதவர் எப்படி ரிப்பன் வெள்ளை என்றார்?

அக்கா: யாராவது சொல்லியிருப்பார்கள். சந்தைக்குப் போகிற பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று ஊரே பார்த்திருக்குமே. இன்னொன்று கேள். யூரோ வருவதற்கு முன்பு இங்கே இருந்த ஐந்து பவுண்ட் நோட்டின் பின்பக்கம் ஒரு வகுப்பறைப் படம். கரும்பலகையில் இருப்பது ‘நான்தான் ராஃப்டரி’ என்று தொடங்கும் பாட்டு. அது அவர் பாடியதே இல்லை என்பவர்களும் உண்டு.

சித்தப்பா: அந்த நோட்டு அங்கே பழைய கடைகளில் கிடைக்குமா?

அம்மா: ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா: மடிப்பு இல்லாததாகப் பார்த்து வாங்கம்மா. பணம் அனுப்பிவிடுகிறேன்.