கிறிஸ்டோபர் லீ பேச மறுத்தாரா, அவருக்கு வசனமே எழுதப்படவில்லையா?

கோட்டைவாசல்:
"பிரிட்டிஷ் திகில் படங்களில் எழுத்து என்று ஒன்று கிடையாது, கிறிஸ்டோபர் லீயே வசனத்தைப் படித்துவிட்டு வாய்திறக்க மறுத்தார், எழுத்து வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் துப்பறியும் தொடரைப் பாருங்கள்" என்று ஆக்ஸ்ஃபோர்ட் அன்பர் நேற்று தீர்ப்பு வழங்கியிருந்தார். அவர் சொல்வது 1966-இல் வந்த, திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற ஹாமர் நிறுவனத்தின் 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்'. அதில் இரத்தக்காட்டேரி டிராகுலாவாக நடித்த லீ சீறுவதோடு சரி, ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் டிராகுலாவுக்குத் தாம் வசனமே எழுதவில்லை என்று திரைக்கதை ஆசிரியர் ஜிம்மி சாங்ஸ்டர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். எழுதப்படாத வசனத்தை ஒருவர் எப்படி மறுக்க முடியும்?

ஆக்ஸ்ஃபோர்ட் அன்பர்:
வசனங்கள் சகிக்க முடியாதவையாக இருந்ததால் பேச மறுத்ததாக லீ தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பல்லை மாட்டிக்கொண்டு நடித்தவருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரியுமோ? அத்தனை பெருமைக்குரிய எழுத்து என்றால், சாங்ஸ்டர் அந்தப் படத்தில் தம் பெயரைப் போடாமல் 'ஜான் சான்சம்' என்ற புனைபெயருக்குப் பின்னால் ஏன் நின்றார்? மோர்ஸ் 1987 முதல் 2000 வரை 33 கதைகளாக வந்தது. எந்த ஒன்றிலும் மோர்ஸாக நடித்த ஜான் தா வசனத்தைத் தூக்கி எறிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோட்டைவாசல்:
கேள்வி புனைபெயரைப் பற்றியதன்று. வசனம் இருந்ததா என்பதே. 1958-இல் வந்த முதல் டிராகுலாவையும் சாங்ஸ்டர்தான் எழுதினார், டெரன்ஸ் ஃபிஷர்தான் இயக்கினார். அதில் லீ படிக்கட்டில் இறங்கிவந்து, பண்புள்ள பிரபுவைப் போல, கோட்டைக்கு வந்த ஹார்க்கரை வரவேற்று, அவருடைய பெட்டியைத் தாமே எடுத்துச் செல்கிறார். அடுத்து நூலகத்து வாசலில் இரத்தம் வழியும் வாயோடு அவர் நிற்கும்போது பேச்சு நின்றுபோயிருக்கிறது. பிறகு படம் முடியும்வரை அவர் பேசுவதே இல்லை. மனிதச் சாயல் போனதும் மொழியும் போய்விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆக்ஸ்ஃபோர்டில் படித்திருக்க வேண்டியதில்லை. 1966 படத்தில், பணியாள் விருந்தாளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவருடைய இரத்தத்தைச் சாம்பலில் வடியவிட்ட பிறகுதான் டிராகுலா எழுகிறார். அப்படி எழுந்தவர் வானிலை பற்றி உரையாட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? மீண்டும் சொல்கிறேன், வசனம் எழுதப்படவில்லை.

பேக்கர் வீதி:
இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்பதே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1959-இல் இதே ஹாமர், இதே ஃபிஷரைக் கொண்டு, ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையை வண்ணத்தில் எடுத்தது. பீட்டர் குஷிங் ஹோம்ஸாகவும் லீ சர் ஹென்றியாகவும் நடித்தனர். 1968-இல் பிபிசி தொடரிலும் குஷிங்தான் ஹோம்ஸ். திகிலும் துப்பறிதலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆக்ஸ்ஃபோர்ட் அன்பர்:
1984-இல் கிரனாடா தொடரில் ஜெரமி பிரெட் வந்த பிறகும் ஒருவர் குஷிங்கை ஹோம்ஸ் என்று சொல்வாரானால், அவருடன் பேச என்ன இருக்கிறது? குஷிங் எதைத் துப்பறிந்தாலும் கையில் காட்டேரியைக் குத்தும் மரமுளை இருப்பதாகவே எனக்குத் தோன்றும். நிற்க, லீ மறுத்தார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பேக்கர் வீதி:
நான் இருவரையும் இணைக்க வந்தேன்; எனக்கும் அடி விழுகிறது. பிரெட் பெரிய கலைஞர், மறுக்கவில்லை. அதற்காகக் குஷிங்கைச் சிறுமைப்படுத்துவதைப் பொறுக்க முடியாது.

கோட்டைவாசல்:
அவருக்கு இது வழக்கந்தான். மோர்ஸின் சிவப்பு ஜாகுவார் கார் நாவல்களில் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று சென்ற மாதம் சாதித்தவரும் இவரே. மோர்ஸைப் படைத்த காலின் டெக்ஸ்டரின் தொடக்க நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா என்று நான் எடுத்துக்காட்டிய பிறகு மூன்று நாள் ஆளையே காணோம். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் சான்று காட்டி என்ன பயன்?

ஆக்ஸ்ஃபோர்ட் அன்பர்:
பிற்காலப் பதிப்புகளில் அது ஜாகுவார் என்றே திருத்தப்பட்டது. என்னிடம் இருப்பது அந்தப் பதிப்பு. மூன்று நாள் வராததற்குக் காரணம் என் வீட்டில் திருமணம். காரை இங்கே ஓட்டிவந்து நிறுத்தினால் லீ மறுத்த செய்தி மறைந்துவிடுமா?

வழிப்போக்கன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1973-இல் வந்த 'தி விக்கர் மேன்' படத்தில் காவல்துறை சார்ஜென்ட் ஒருவர் காணாமற்போன சிறுமியைத் தேடித் தீவுக்கு வருகிறார். அது திகில் படமா, துப்பறியும் கதையா? எதைத் திகில் என்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் என்ன?

ஆக்ஸ்ஃபோர்ட் அன்பர்:
நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். அந்தப் படத்தில் லீ ஊதியமே வாங்காமல் நடித்தார், வாய் நிறையப் பேசினார், பாடவும் செய்தார். ஏனென்றால் எழுதியவர் ஆன்டனி ஷாஃபர். நல்ல வசனம் கொடுத்தால் அவர் பேசுவார், 1966-இல் பேசவில்லை. கணக்கு முடிந்தது.

கோட்டைவாசல்:
கொடுத்தால் பேசுவார் என்று தாங்களே எழுதிவிட்டீர்கள். 1966-இல் கொடுக்கப்படவில்லை என்பதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ஆக்ஸ்ஃபோர்ட் அன்பர்:
"நல்ல" என்ற சொல்லை விட்டுவிட்டு என்னை மேற்கோள் காட்ட வேண்டாம்.

வழிப்போக்கன்:
வரையறை பற்றிக் கேட்டிருந்தேன்.

கோட்டைவாசல்:
அதைத் தனி இழையில் கேளுங்கள், நண்பரே. இங்கே பேச்சு வசனத்தைப் பற்றியது. அது எழுதப்படவில்லை.